கூட்டாமல் விட்ட இடம்

சட்டன், லண்டன்
4.2.2024

என் அன்புத் தங்கச்சி தவமலருக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்னமே சொன்னேன். நீ ஒஸ்லோவுக்கு மகள் சிவரூபினியிடம் போவாய் என்று சொன்னேன், போனாய். அங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும் என்று சொன்னேன், இறங்கியிருக்கும். மாசிக் காற்றில் காட்டுக்காணியில் கரவன் வண்டிக்கு மேல் மழைக்குக் கட்டிய தறப்பாள் பறக்கும் என்று சொன்னேன். நேற்று உன் மகன் நிருஜன் கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்து கென்ட் வரை காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தறப்பாள் ஓக் மரத்து உச்சியில் கொடி மாதிரித் தொங்குது மாமா என்கிறான். பக்கத்துச் செம்மறிக்காரன் காணியை விலைக்குக் கேட்பான் என்றும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனோ தெரியாது, மனதுக்குள் நினைத்தேன். நான் நினைத்தால் சொன்ன மாதிரித்தான்.

இங்கே நானும் பவளக்கொடியும் நல்ல சுகம். போன கிழமை டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஓர் இதயத்தை நான் கண்டதில்லை என்றார். பவளக்கொடி அதற்கு வேறு அர்த்தம் சொல்கிறாள். நீ அதை நம்பாதே. உன் முழங்கால் எப்படி? மகளும் மருமகனும் பேத்தியும் சுகமா?

போன் வேண்டாம், கடிதம் எழுதச் சொல்லு என்று நீ நிருஜனிடம் சொன்னாயாம். நல்லது. எட்டாம் வகுப்போடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம். என் கையெழுத்தைப் பார்த்து அதிபரே எழுந்து நின்றவர்.

காணியை விற்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் காணி, உன் விருப்பம். ஒன்பது வருசமாகப் பங்குனி பிறக்க முதல் எல்லோரும் போய்ப் பாசி சுரண்டி, கூட்டித் துப்புரவாக்கி, நட்டு வைத்துவிட்டு வருகிற இடம். உன் மனுசன் பரமேஸ் இல்லாமல் இந்த வருசம் யார் போவது என்று நீ நினைத்திருப்பாய். நான் போவேன்.

ஆனால் விற்க முதல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். ஐப்பசியில், குளிருக்குக் காணியைப் பூட்டப் போன அந்தக் கடைசி நாள், பரமேஸ் என்னைத் தனியாக ஓக் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் மண்வெட்டி. என் தோளில் கையைப் போட்டார். “மச்சான், தவத்துக்கு எண்டு ஒண்டு இதிலை வைச்சிருக்கிறன். பங்குனியிலை வெளியிலை வரும். அதுவரைக்கும் சொல்லிப்போடாதை” என்றார். என்ன வைத்தனீ என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த மாதம் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அது என்னவென்று பார்க்காமல் விற்பாயோ?

அன்புடன் உன் அண்ணன்,
தில்லையம்பலம்


ஒஸ்லோ
15.2.2024

அன்பு அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் ஏணிப்படி கண்டால்தான் நோகிறது, இந்த வீட்டில் ஏணிப்படி அதிகம். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

போன் வேண்டாம் என்றது கோபத்தில் இல்லை. போனில் நீங்கள் கதைத்தால் நான் ஓம் என்று சொல்லி முடிக்க முதல் அடுத்த கதை வந்துவிடும். கடிதம் என்றால் நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாம். திரும்பவும் வாசிக்கலாம்.

ஓக் மரத்தடி விஷயத்தை நாலு தரம் வாசித்தேன். அன்று பின்னேரம் இவர் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரீவிக்கு முன்னால் போய் இருந்தவர். என்ன படம் ஓடுகிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு கதைத்தது எனக்குப் புதினம். தோளில் கை போட்டதும் புதினம். முப்பத்தொரு வருசத்தில் என் தோளிலேயே போட்டதில்லை.

வைகாசி முடியும் வரை செம்மறிக்காரனைப் பொறுக்கச் சொல்லி நிருஜனிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் என்ன வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். இருக்கிறதை மட்டும் எழுதுங்கள் அண்ணை.

தவமலர்


சட்டன்
5.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பு நாரியைத் தவிர. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

சனி ஞாயிறு காட்டுக்காணியில் நின்றோம். நான், பவளக்கொடி, நிருஜன், பரமேஸின் சிநேகிதர் கிறிஸ்துநாயகம். நான்கு பேர் என்று பெயர்தான், வேலை முழுக்க ஓர் ஆள். ஓக் மரத்து உச்சியில் கிடந்த தறப்பாளை ஒரே ஒரு கயிற்று வீச்சில் விழுத்தினேன். நிருஜன் மரத்தில் ஏறி நின்றது உண்மை, ஆனால் அது எனக்கு இடம் காட்டத்தான். கரவன் கூரையில் பாசி தேங்காய்த் துருவல் மாதிரிப் படிந்திருந்தது, சுரண்டி எடுத்தோம். கூடாரப் பைக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. மரத்தூள் கக்கூசின் கதவு கழன்று விழுந்து கிடந்தது. கிறிஸ்துநாயகம் அதைத் திரும்பப் பொருத்தினார், இப்போது அது உள்ளிருந்து மட்டும் திறக்கிறது. ஒரு மணித்தியாலமாக ஒருவராலும் போக ஏலவில்லை.

பிறகு நடுகை. வேலியோரம் பன்னிரண்டு ஹேசல் மரக்கன்றுகள் வைத்தோம். உருளைக்கிழங்குக்கு நிருஜன் பாத்தி வெட்டினான். பவளக்கொடி கொத்தமல்லி தூவினாள். நான் சட்டனில் யன்னலோரம் பிள்ளை மாதிரி வளர்த்த கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுபோய் வெய்யில் படுகிற இடமாகப் பார்த்து நட்டேன். கென்ட் முழுவதற்கும் அதுதான் முதல் கறிவேப்பிலை. சரித்திரம்.

வழமை போல வெளி முழுவதையும் கூட்டினேன். அதற்கென்றே சவுத்தால் கடைத்தெருவுக்குப் போய் ஈர்க்கு விளக்குமாறு வாங்கினேன். ஓர் இலை இல்லை, ஒரு சருகு இல்லை, கோவில் வீதி மாதிரி. வெள்ளைக்காரர் நாயோடு நடந்து போனவர் நின்று பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மரியாதை.

ஓக் மரத்தடிப் பக்கம் மட்டும் கூட்டவில்லை. நிருஜன் ஏன் மாமா அதை விட்டிட்டீங்கள் என்று கேட்டான். நாரி நோகுது என்று சொன்னேன்.

அங்கேதான் விஷயம். இலைகளை மெல்ல விலக்கிப் பார்த்தேன். ஊசி முனை அளவில் பச்சை தெரிகிறது. பரமேஸ் அலவாங்குக் கம்பியால் கிண்டிய இடம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. நான் சொன்னேனா இல்லையா?

அண்ணன்
தில்லையம்பலம்


ஒஸ்லோ
14.3.2024

அன்பு அண்ணைக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாரிக்கு ஒத்தடம் பிடியுங்கள். இங்கே இன்னும் பனி கிடக்கிறது.

எத்தனை முனை? வரிசையாகவா, சிதறியா? மரத்துக்கு எந்தப் பக்கம், தண்ணீர்த் தாங்கிப் பக்கமா வேலிப் பக்கமா?

கறிவேப்பிலையைச் சித்திரை தாண்ட முதல் வெளியில் நட வேண்டாம் என்று இவர் உங்களுக்கு ஒவ்வொரு வருசமும் சொன்னவர்.

தவமலர்


சட்டன்
26.3.2024

அன்புத் தங்கச்சி,

கேள்வி கேட்டால் உன்னைப் போலக் கேட்க வேண்டும். படிப்பித்த வாய் ஓய்வு எடுத்தாலும் ஓயாது. நாங்கள் சுகம். பவளக்கொடி தடிமனால் படுத்து எழும்பினாள்.

கறிவேப்பிலை செத்துவிட்டது. உறைபனி. சாகும் என்று நட்ட அன்றே எனக்குத் தெரியும், ஒரு பரிசோதனைக்காகத்தான் வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு தனியாகப் போனேன். ஏழு. சரியாக ஏழு. மொட்டு விட்டிருக்கிறது. மஞ்சள் நிறம், முட்டைக் கரு மாதிரி மஞ்சள். தள்ளி நின்று பார்த்தேன், அந்த ஏழும் சேர்ந்து ‘த’ என்ற எழுத்து மாதிரி வளைந்து நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மரத்துக்குத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம்.

அங்கே நின்றபோதுதான் பரமேஸ் அன்று சொன்ன இன்னொன்றும் நினைவு வந்தது. முந்திய கடிதத்தில் விடுபட்டுப் போனது. கண் கலங்கினபடி சொன்னார். “பூக்கிற காலத்திலை தவம் இதிலை ஒரு கதிரையைப் போட்டு இருக்க வேணும். ஒரு வேலையும் செய்யக்கூடாது. சும்மா இருக்க வேணும்” என்றார்.

இதற்கு மேலும் செம்மறிக்காரனுக்குக் கொடுக்கப் போகிறாயா?

தில்லை அண்ணன்


ஒஸ்லோ
4.4.2024

அன்பு அண்ணைக்கு,

மச்சாளின் தடிமன் மாறியிருக்கும். இஞ்சி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள். நான் சுகம்.

உங்கள் மூன்று கடிதங்களையும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். முதல் கடிதத்தில் இவர் கையில் மண்வெட்டி. இரண்டாவதில் அலவாங்கு. முதலாவதில் சிரித்தவர், மூன்றாவதில் கண் கலங்கியவர். ஏழு பூ ‘த’ மாதிரி நிற்கிறது என்கிறீர்கள். இவர் தமிழில் கையெழுத்து வைக்கவே பஞ்சிப்பட்டு ஆங்கிலத்தில் வைத்தவர். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சிவரூபினியிடம் காட்டினேன். அம்மா, மாமா மாமாதான் என்றாள்.

அந்தக் கதிரை வசனத்தை மட்டும் கத்திரித்து எடுத்துப் பேர்சுக்குள் வைப்போம் என்று கத்திரிக்கோலைக் கையில் எடுத்தேன். கத்திரிக்கவில்லை.

நிருஜனிடம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு இம்மாதம் இருபதாம் திகதிதான் ஓய்வாம். அதற்கு முதல் நீங்கள் போனால் அந்த இடத்துக்கு ஒரு தடி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள்.

தவமலர்


சட்டன்
16.4.2024

அன்புத் தங்கச்சி,

சுகம். நீயும் சுகமாக இரு.

பதில் எழுதப் பிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பவளக்கொடியோடு காணிக்குப் போனேன். காரின் பின் பெட்டிக்குள் சில பூச்சட்டிகள் இருந்தன, அது வேறு கதை.

வெளி நான் கூட்டின மாதிரியே கிடக்கிறது. ஓக் மரத்தடிக்குப் போனேன். தங்கச்சி, வந்திருக்கிறது. உண்மையாகவே வந்திருக்கிறது. பச்சை இலை, வெங்காயத் தாள் மாதிரி மினுங்கிக்கொண்டு, சருகைக் குத்தி எழும்பி, ஏராளம். நான் எண்ணவில்லை. இரண்டு பாய் விரிக்கிற அளவு இடம் முழுக்க. நடுவில் தண்டு எழும்பியிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு மொட்டு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பவளக்கொடி பின்னால் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தவள். “நீங்கள்தானே ரெண்டு மாசமாய் வரும் வரும் எண்டு சொன்னனீங்கள். வந்ததுக்குப் பிறகு ஏன் பேயைக் கண்டமாதிரி நிக்கிறியள்?” என்றாள்.

தேத்தண்ணியையும் வாங்காமல் காருக்குத் திரும்பினேன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். கொண்டுபோன சட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் முன்னமே சொன்னதுதான். ஆனாலும் விளங்கவில்லை.

தடி நடவில்லை. தேவைப்படாது.

தில்லையம்பலம்


ஒஸ்லோ
24.4.2024

அன்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதமும் நிருஜனின் படங்களும் ஒரே நாளில் வந்தன. கடிதம் இவ்வளவு கட்டையாக எழுதியிருக்கிறீர்கள், பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மச்சாளிடம் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

படத்தில் இருப்பது மஞ்சள் இல்லை. நீலம். சித்திரையில் நம் காணிக்கு வெளியே காடு முழுக்கப் பூக்கிற அதே நீல மணிப் பூ. ஒன்பது வருசமும் வேலிக்கு அந்தப் பக்கம் பூத்ததைப் பார்த்திருக்கிறோம். நம் வெளிக்குள் ஒரு பூவும் வந்ததில்லை. இவர் அதைப் பற்றி மனவருத்தப்பட்டுச் சொன்னதும் உண்டு. இப்போது எப்படி வந்தது? இவர் நட்டாரா? காட்டுப் பூவை ஏன் நட வேண்டும்? நட்டால் ஏன் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டும்? மஞ்சள் ஏழும் எங்கே போனது?

கேட்டுக் கேட்டு எனக்கே தலை சுற்றுகிறது. மே நாலாம் திகதி சனிக்கிழமை வருகிறேன். நிருஜன் விமான நிலையத்திலிருந்து நேரே காணிக்குக் கூட்டிக்கொண்டு போவான். நீங்களும் வாருங்கள். அந்த இடத்தில் நின்று, இவர் அன்று சொன்னதை ஒருதரம் எனக்குச் சொல்லிக் காட்டுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

தவமலர்


ஒஸ்லோ
13.5.2024

அன்பு அண்ணைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சுகமா என்று கேட்கிறேன், ஏனென்றால் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள நீங்கள் இடம் தரவில்லை. உங்களுக்கு ஷிப்ட் என்று மச்சாள் சொன்னா. பெற்றோல் செற் வேலையில் உங்களுக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இல்லை என்றும் அவவே சொன்னா. பிறகு அழுதா.

காணியை நன்றாகத் துப்புரவாக்கி வைத்திருக்கிறீர்கள். கொத்தமல்லி முளைத்திருக்கிறது. ஹேசல் கன்று பன்னிரண்டில் பத்தை மான் கடித்துவிட்டது. கக்கூஸ் கதவை நிருஜன் சரிசெய்தான்.

ஓக் மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். அங்கே இருந்தபோதுதான் பார்த்தேன். வெளி முழுக்க விளக்குமாறு கீறின கீறல், வெறும் மண். மரத்தடிக்கு வர அந்தக் கீறல் ஒரு பிறை மாதிரி வளைந்து நின்றுவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. நான் இருந்த பக்கம் நீலம். யாரோ அளந்து விட்ட மாதிரி.

நிருஜன் மண்ணைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தான். அந்தப் பூவின் கிழங்கு எல்லா இடத்திலும் இருக்கிறதாம் அண்ணை. வெறும் மண்ணுக்குக் கீழேயும் இருக்கிறதாம். ஒவ்வொரு மாசியும் பங்குனியும் முனை வரும் நேரம் நாங்கள் போய்ச் சுரண்டிக் கூட்டி, மிதித்து, அதற்கு மேலே கூடாரமும் அடித்திருக்கிறோம். இந்த வருசம் அந்தப் பிறைக்குள் மட்டும் விளக்குமாறு படவில்லை. வேறு ஒரு காரணமும் இல்லை. ஒருவரும் ஒன்றும் நடவில்லை.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அன்று பின்னேரம் இவர் வந்து ரீவிக்கு முன்னால் இருந்தவர் என்று எழுதினேன். இருக்க முதல் ஒரு வசனம் சொன்னவர். “உன்ரை கொண்ணையோட எனக்கு இனிக் கதை இல்லை” என்றவர். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் ஆள் இல்லை.

ஆகவே உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோதே தோளில் கை போட்டது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ஒருவரும் அவர் பெயரை எடுப்பதில்லை, நான் அழுவேன் என்று பயம். நிருஜனும் எடுப்பதில்லை. நீங்கள் ஒருவர்தான் கடிதத்துக்குக் கடிதம் அவரைக் கதைக்க வைத்தீர்கள். அடுத்ததாக அவர் என்ன சொல்லுவார் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பொய்யில் பூ வராது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு சருகைக்கூடப் பொறுத்துக்கொள்ளாத மனுசன் நீங்கள். அந்த இடத்தை மட்டும் ஏன் கூட்டாமல் விட்டீர்கள்? அன்று உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது?

நடந்ததை எழுதுங்கள். உங்கள் பதிலைக் கண்ட பிறகுதான் செம்மறிக்காரனுக்கு என் பதில்.

தவமலர்


சட்டன்
3.6.2024

தங்கச்சி,

சுகம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உன் முழங்கால் எப்படி?

மூன்று கிழமையாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். கிழித்த ஒவ்வொன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன். அதனால்தான் கிழித்தேன்.

அன்று ஐப்பசியில் நானும் பரமேசும் மட்டும்தான் போனோம். அவர் கூடாரங்களை மடித்தார், நான் கூட்டினேன். இலையை விடு, அது மண்ணுக்குக் குளிர்காலப் போர்வை என்று அவர் சொன்னார். கூட்டாத நிலம் ஆள் இல்லாத வீடு மாதிரி என்று நான் சொன்னேன். இது காடு, உன்ரை வளவு இல்லை என்றார். இரண்டு புத்தகம் வாசித்தவுடனே இலையைக் கும்பிடத் தொடங்கிவிட்டாய் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எட்டாம் வகுப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, ஆனால் வருகிறது என்று நினைத்துக்கொண்டு நானே முந்திக்கொண்டேன். என் தங்கச்சியின் சம்பளத்தில் வாங்கின காணியில் நீ எனக்குச் சட்டம் சொல்லாதே என்றேன். அது உண்மையும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

அவர் மடித்த கூடாரத்தைக் கீழே வைத்தார். நான் கூட்டிக்கொண்டே ஓக் மரத்தடிக்கு வந்தேன். அவர் நடந்து வந்து என் விளக்குமாற்றின் மேல் சப்பாத்துக் காலை வைத்தார். ஈர்க்கு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு வசனம் சொன்னார். நான் விளக்குமாற்றை எறிந்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். கென்டிலிருந்து சட்டன் வரை ஒரே கார், இரண்டு பேர், வானொலியும் இல்லை. வீட்டு வாசலில் என்னை இறக்கினார். நான் கதவை அடித்துச் சாத்தினேன். அவ்வளவுதான். பிறகு நிருஜனின் போன் வந்தது.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. நீ காணியை விற்கப் போகிறாய் என்று கேட்டவுடன் அதில் இன்னும் கொஞ்சம் போட்டேன். அந்தக் காணியும் போனால், நான் அவரிடம் போய் நிற்க ஓர் இடம் இல்லை.

மண்வெட்டி இல்லை, அலவாங்கும் இல்லை. மார்ச்சில் கண்ட பச்சை முனை பொய், நான் இலையை விலக்கிப் பார்க்கவே இல்லை. மஞ்சள் பூ ஏழும் பொய். நிருஜன் படம் எடுக்கப் போகிறான் என்று நீ எழுதியதற்குப் பயந்து கடையில் மஞ்சள் பூச்சட்டி வாங்கிக்கொண்டு போனேன், நட்டுவிட்டு வருவோம் என்று. போனால் அங்கே அது நிற்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். கதிரை வசனமும் என்னுடையதுதான். அதைக் கத்திரிக்காமல் விட்டது நல்லது. நீ அதில் கதிரையைப் போட்டு இருந்தாய் என்று வாசித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஏன் அந்த இடத்தைக் கூட்டவில்லை என்று கேட்டாய். புது விளக்குமாறு. நாரியும் நோகவில்லை. அந்த இடத்துக்கு வந்தேன், அவர் சப்பாத்து நின்ற இடத்துக்கு வந்தேன், கை போகவில்லை. ஒருவரும் இல்லை, காலும் இல்லை, ஆனாலும் போகவில்லை. திரும்பிவிட்டேன். பூவும் தெரியாது, கிழங்கும் தெரியாது.

நீ காணியை என்ன செய்வாய் என்று இந்தமுறை எனக்குத் தெரியாது. விற்றாலும் குறை சொல்ல மாட்டேன். வைத்திருந்தால் வருகிற மாசியில் விளக்குமாறு இல்லாமல் வருகிறேன், என்ன செய்ய வேண்டும் என்று நிருஜன் சொல்லட்டும்.

அவர் அன்று விளக்குமாற்றில் காலை வைத்துக்கொண்டு சொன்னது இதுதான். “இதிலை கூட்டாதை, மச்சான்.” என் காதால் கேட்டது. இந்த ஒன்றில் நான் கை வைக்கவில்லை.

அண்ணன்
தில்லையம்பலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, முத்திரையும் ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரிக்கிறேன். “இதிலை கூட்டாதை” என்று மட்டும்தான் சொன்னார். மச்சான் என்று சொல்லவில்லை. அதை நான் போட்டேன்.